பிஞ்சுப் பருவத்து வலிப்பும் பிள்ளையின் படிப்பும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் வென்றவர்களைப் பற்றிப் பேசுவது மரபு. நம் கழகத்தின் மாலைப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றோர், ஆசிரியராய் அமர்ந்தோர், அரசுப் பணியில் உயர்ந்தோர் ஆகியோரைப் பற்றி முன்னர்ப் பேசியவர்கள் நிறைவாகவே சொன்னார்கள். நாம் இன்று எடுத்துக்கொண்டது அந்தப் பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகளின் செய்தி. மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டப்பட்டு, ஆட்டுக்குப் பின்னாலும் கல் உடைக்கும் குவாரிக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் சிலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் வலிப்புக் கண்டிருந்தது. அந்த வலிப்புக்கும் பின்னாளில் படிப்பு ஏறாமைக்கும் தொடர்பு உண்டா, உண்டெனில் எவ்வளவு என்பதே நம் பொருள்.

இதைப் பேசுவதில் நமக்கு ஒரு தயக்கம் இருந்தது. நம் மக்களுக்கு அறிவு குறைவு என்று தலைமுறை தலைமுறையாக ஓதிவந்த நாட்டில், நம் பிள்ளைகளின் மூளையைப் பற்றி நாமே மேடையேறிப் பேசலாமா என்ற தயக்கம். ஆனால் பேசாது விடுவதால் விளையும் தீங்கு அதனினும் பெரிது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் பின்தங்கினால் அவனுக்கு என்ன நோயோ என்று மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். சேரிப் பிள்ளை பின்தங்கினால் அது இயல்பு என்று எண்ணிவிடுகிறார்கள். நோய் இருக்கலாம் என்ற ஐயமே எவருக்கும் எழுவதில்லை. சாதி இழிவு நம் பிள்ளைகளின் நோயைக் கூட மறைத்து வைக்கிறது என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

வலிப்பை நம் பக்கத்தில் இழுப்பு என்பார்கள், ஜன்னி என்பார்கள், காக்காய் வலிப்பு என்பார்கள். பழைய நூல் வழக்கில் அதற்கு முயலகன் என்று பெயர். கொல்லி மழவன் என்னும் குறுநில மன்னன் முயலகன் நோய் கண்ட தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், திருஞானசம்பந்தர் அந் நோயைத் தீர்த்தார் என்றும் பெரிய புராணம் கூறும். அவ்வூர் கொள்ளிடத்தின் வடகரையில் இன்று திருவாசி என வழங்குகிறது. மருத்துவம் பலிக்காதபோது கோயிலைத் தேடிய அத் தந்தையின் துயரம் நமக்கு விளங்குகிறது. நம் முன்னோர் தம் மகளைத் தூக்கிக்கொண்டு அவ்வாசலைத் தாண்டியிருக்க முடியாது என்பது வேறு செய்தி. வடமொழியில் இந்நோய்க்கு அபஸ்மாரம் என்று பெயர். நினைவு நீங்குதல் என்பது அதன் பொருள். வலிப்புக்கும் நினைவாற்றலுக்கும் உறவு உண்டென்று பெயர் வைத்தவர்களே உணர்ந்திருந்தனர் போலும்.

முதலில் அச்சம் நீக்கும் செய்தியைச் சொல்லிவிடுவோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலின்போது வரும் வலிப்பு, 100 குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரக்கூடியது. உடல் முழுதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் அடங்கி, அன்றே மீண்டும் வராது போனால் அது எளிய காய்ச்சல் வலிப்பு. இங்கிலாந்தில் 1970-இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுள் காய்ச்சல் வலிப்புக் கண்ட 398 பேரில் 381 பேரைப் பத்து வயதில் சோதித்தபோது, கல்வியிலும் அறிவிலும் நடத்தையிலும் மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் சளைத்தவர்களாக இல்லை. அமெரிக்காவில் இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். காய்ச்சல் வலிப்புக் கண்ட பிள்ளையை அதே வீட்டில் வலிப்புக் காணாத உடன்பிறப்போடு ஒப்பிட்டார்கள். ஒரே தாய், ஒரே கூரை, ஒரே சோறு. 1978-இல் வெளிவந்த அவ்வாய்வில் ஏழு வயது அறிவுச் சோதனையில் இருவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே தாய்மார்களே, காய்ச்சலில் ஒருமுறை இழுத்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையை வலிப்புக்காரன் என்று பெயரிட்டு வீட்டில் நிறுத்தாதீர்கள். வயிற்றிலும் நெற்றியிலும் சூடு போடாதீர்கள். கையில் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரமும் சாவி தேடும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டா. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108 வண்டியை அழையுங்கள். முதன்முறை வந்த வலிப்பாயின், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூளைக்காய்ச்சல் இல்லையென்று அவர்தாம் சொல்ல வேண்டும்.

இங்கே மருந்தைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் வலிப்பு மீண்டும் வராதிருக்கக் கார்டினால் என்ற பெயரில் நம் ஊர்களில் அறியப்பட்ட பீனோபார்பிட்டால் மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டாண்டுக் காலத்தில் அம் மருந்துக்கென ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் அறிவெண் வெறும் மாத்திரை பெற்றோரைவிடச் சராசரி எட்டுப் புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தது. வலிப்பு செய்யாத கேட்டை மருந்து செய்தது. இதைக் கேட்டதும், கால்கை வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு நோய், வேறு கணக்கு. மேற்கு வங்கத்துக் கிராமங்களில் அத்தகைய பிள்ளைகளுக்கே இதே பீனோபார்பிட்டாலைக் கொடுத்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மற்றொரு மருந்தாகிய பெனிட்டாயினை விட அது நடத்தையில் மிகுதியான கேடு விளைவித்ததாகக் காணவில்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் பேராபத்து.

இனி, தடம் பதித்துச் செல்லும் வலிப்புகளுக்கு வருவோம். பிறந்த முதல் மாதத்தில் வருவது ஒன்று. முதல் ஆண்டில் கொத்துக் கொத்தாக வருவது மற்றொன்று. அரை மணிக்கு மேல் நிற்காமல் இழுப்பது இன்னொன்று.

குழந்தையின் மூளை பெரியவர் மூளையின் சிறு உருவம் அன்று. பிறக்கும்போது பெரும்பாலான நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றிடையே இணைப்புகள்தாம் பின்னர் இலட்சோபலட்சமாக உண்டாகின்றன. பயன்படுபவை உறுதிப்படுகின்றன, பயன்படாதவை கழிகின்றன. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர் மூளையின் ஐந்தில் நான்கு பங்கு அளவை எட்டுகிறது. நம் மாவட்டத்துக் கண்மாய்களை அறிந்தவர்களுக்கு ஓர் உவமை சொன்னால் விளங்கும். வரத்து வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் பெருவெள்ளம் வந்தால் கரை உடையாமலும் இருக்கலாம். ஆனால் வண்டல் படிந்து வாய்க்கால் திசை மாறும். அவ்வாண்டு எவருக்கும் தெரியாது. பின்னொரு கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தேடும்போதுதான் தெரியும்.

எலிக்குட்டிகளில் செய்த ஆய்வுகள் ஏறத்தாழ இதையே காட்டின. பிறந்த சில நாட்களில் மீண்டும் மீண்டும் வலிப்பு வரச்செய்த குட்டிகளின் மூளையில் செத்த அணுக்கள் அதிகமில்லை. ஆனால் அவை வளர்ந்த பின், நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையைத் தேடி நினைவில் வைத்துக்கொள்ளத் திணறின. இணைப்புகள் அமைந்த விதம் மாறியிருந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. காபா என்றொரு வேதிப்பொருள் முதிர்ந்த மூளையில் கிளர்ச்சியை அடக்குவது. பிஞ்சு மூளையின் நரம்பணுக்களுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதால் அதே பொருள் அங்கே தூண்டும் வேலையைச் செய்யக்கூடும். பச்சிளங் குழந்தைக்கு வலிப்பு எளிதில் வருவதற்கும், காபாவின் வழியே வேலை செய்யும் மருந்துகள் அவ்வயதில் பலவேளை தோற்பதற்கும் இதை ஒரு காரணமாக ஆய்வாளர் கூறுகின்றனர்.

ஆயினும், பின்னாளில் காணும் குறை முழுவதும் வலிப்பின் வேலை என்று சொல்லிவிட முடியாது. பிறந்தவுடன் அழாத பிள்ளைக்கு மூளைக்குப் பிராணவாயு எட்டவில்லை. அதனால் மூளை புண்பட்டது. அப் புண்ணின் அடையாளமாக வலிப்பு வந்தது. கேடு செய்தது புண்ணா, வலிப்பா என்று பிரித்தறிதல் கடினம். இரண்டும் சேர்ந்தே செய்கின்றன என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. தாய் செய்யத்தக்கது இதுதான்: பச்சிளங் குழந்தையின் வலிப்பு கை கால் உதறுவதாகவே இராது. வாயைச் சப்புக்கொட்டும், சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஓட்டும், கண் ஒரு பக்கமாக நிலைக்கும், மூச்சு விட்டுவிட்டு நிற்கும். குருதியில் சர்க்கரை குறைந்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் இவ்வாறு வரும். சர்க்கரைக் குறைவை ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டறிந்து அப்போதே சரிசெய்துவிடலாம். சரிசெய்யாமல் மணிக்கணக்கில் விட்டால் வாழ்நாள் முழுதும் இழப்பு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள் என்று செவிலியர் வற்புறுத்துவதில் இந்தப் பொருளும் அடங்கியிருக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் பாட்டிமார் சற்றுச் செவிசாய்க்க வேண்டும்.

மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலைக் குளிரூட்டி மூளையைக் காக்கும் முறை மேலைநாடுகளில் பயன் தந்தது. அதை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். குளிரூட்டிய குழந்தைகளில் 100-க்கு 42 பேரும், குளிரூட்டாதவர்களில் 31 பேரும் இறந்திருந்தனர். செல்வ நாட்டுக் குழந்தைக்கு நன்மையானது ஏழை நாட்டுக் குழந்தைக்கும் நன்மையே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இயலாது. நம் குழந்தைகளைக் கொண்டே சோதித்தறிந்த அறிவுதான் நமக்கு உதவும்.

முதல் ஆண்டில் வரும் கொத்து வலிப்பைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்களில் மிகுதியும் தவறவிடப்படுவது இதுதான். மூன்று மாதம் முதல் ஓராண்டு வரையில், பெரும்பாலும் தூங்கி எழும் வேளையில், குழந்தை சட்டெனத் தலை கவிழ்ந்து இரு கையையும் முன்னால் வீசி மடங்கும். ஒரு நொடியில் விடும். மீண்டும் மடங்கும். இப்படி இருபது முப்பது முறை. 1841-இல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனுக்கு வந்த இந் நோயை விவரித்து லான்செட் என்னும் மருத்துவ ஏட்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் நோய் வழங்குகிறது. குனிந்து கும்பிடுவது போல் இருப்பதால் சலாம் வலிப்பு என்றும் பெயர் உண்டு. நம் வீடுகளில் குழந்தை திடுக்கிடுகிறது என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், உரம் விழுந்துவிட்டது என்று முறத்தில் இட்டு உருட்டுவார்கள். வாரங்கள் மாதங்களாகும். அதற்குள் தலை நின்ற பிள்ளைக்குத் தலை நிற்காது; முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பை மறக்கும். ஏ.சி.டி.எச். ஊசி, பிரட்னிசொலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகள் இதற்கு உண்டு. இவற்றுள் பிரட்னிசொலோன் விலை மிகக் குறைந்தது. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் அறிவு தப்பும். கைப்பேசி வைத்திருப்போர் அந்த மடங்கலைப் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாவால் ஆயிரம் சொல்வதைக் காட்டிலும் அரை நிமிடப் படம் போதும்.

அடுத்து ஒரு பழியைத் துடைக்க வேண்டியுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தோர் அம் மாவட்டத்தில் 50,000-க்கும் மேற்பட்ட மக்களிடையே வலிப்பு நோயைக் கணக்கெடுத்து 2006-இல் வெளியிட்டனர். ஆயிரவருக்கு ஏறத்தாழ நால்வருக்கு நடப்பில் வலிப்பு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுக் கட்டி காரணமாக இருந்தது. இப்புழு பன்றியோடு தொடர்புடையது என்றவுடன், பன்றிக்கறி உண்போரின் நோய் என்று நம் மக்கள் மீது விரல் நீட்டுவார் உளர். உண்மை அவ்வாறன்று. சரியாக வேகாத கறியை உண்டால் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவதோ, குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வெளிப்படும் முட்டை. அது கழுவாத கீரையிலும் கெட்ட தண்ணீரிலும் கழுவாத கையிலும் ஏறி எவர் வாய்க்கும் போகும். ஆயுளில் புலால் தொடாதவருக்கும் இக் கட்டி வந்திருக்கிறது. எனவே இது கறியைப் பற்றிய வழக்கு அன்று, மலத்தையும் தண்ணீரையும் பற்றிய வழக்கு. நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயுற்ற பின், ஆதிதிராவிடர் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. தூய குடிநீரை மானப் பிரச்சினை என்று மட்டும் எண்ணுவோர், அது பிள்ளையின் மூளைப் பிரச்சினையும் ஆகும் என்பதை அறிதல் நன்று.

இனி ஆசிரியப் பெருமக்களுக்கு. பிஞ்சு வயதில் வலிப்பினால் நேர்ந்த குறை முதல் வகுப்பில் தெரியாமல் போகலாம். அ, ஆ எழுதும், பாட்டுப் பாடும். மூன்று நான்காம் வகுப்பில், படித்ததைக் கொண்டு வேறொன்றை அறிய வேண்டிய நிலை வரும்போது திணறும். நேற்றுச் சொன்னது இன்று இராது. வாய்பாடு நிற்காது. நீண்ட கட்டளையில் கடைசிப் பகுதியை மட்டும் செய்யும். சோம்பலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய வழி, பிறந்தபோது அழுதானா, இழுப்பு வந்ததா, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று தாயிடம் கேட்பது. அக் கேள்வியைப் பள்ளிச் சேர்க்கையின்போது எவரும் கேட்பதில்லை. சாதிச் சான்றிதழை மட்டும் கேட்கிறோம்.

நோய் இன்னும் நடப்பில் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சிறுவன் ஒருவனை நாம் அறிவோம். வகுப்பில் பத்து வினாடி வெறித்துப் பார்ப்பான், இமை துடிக்கும், பிறகு ஒன்றும் நடவாதது போல் இருப்பான். பராக்குப் பார்க்கிறான் என்று ஈராண்டுகள் அளவுகோலால் அடி வாங்கினான். மூளை மின்பதிவு எடுத்தபோது அது வலிப்பு என்று தெரிந்தது. நாள்தோறும் பலமுறை அவனுக்குப் பாடம் அறுந்து அறுந்து கேட்டிருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு கணக்கில் தேறினான். வேறு சில பிள்ளைகளுக்கு உறக்கத்தில் மட்டும் வாய்க் கோணி இழுக்கும். பதினாறு வயதுக்குள் பெரும்பாலும் தானே விலகும் இவ்வகை நல்ல வகைதான். எனினும் சிலருக்கு வாசிப்பில் தடங்கல் காண்கிறது. விடுதிக் காப்பாளர்கள் இரவில் கவனிக்க வேண்டும். காலையில் தலைவலியோடும் நனைந்த பாயோடும் எழும் பிள்ளையைக் கேலி செய்ய விடாதீர்கள்.

மருந்தை ஒழுங்காக உண்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. தொடர்ந்து உண்பதில் கூலி வேலைக் குடும்பத்துக்கு உள்ள இடர்ப்பாட்டை நாம் அறிவோம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் அதை வாங்கப் போகும் நாளின் கூலி இலவசமன்று. அதனால்தான் மாதக் கடைசியில் மாத்திரை அறுகிறது, வலிப்பு திரும்புகிறது.

பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் மறைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, மீண்டும் மீண்டும் வலிப்பு வருதலைத் திருமணத்துக்குத் தடையாகச் சேர்த்தார்கள். 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் நீக்கியதை நாம் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறோம். இவ்வூரில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் மன்னர் கல்லூரியில் சேர வந்தபோது, பெண் என்றும் பிறப்பு இழிவு என்றும் எதிர்ப்பு எழுந்தது. அதைக் கடந்து 1912-இல் அவர் மருத்துவரானார். இன்று கருவுற்ற ஏழைத் தாய்க்கு அரசு தரும் உதவித்தொகை அவர் பெயரில்தான் வருகிறது. 1991-இல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிந்து சைக்கிள் ஏறிய குவாரிப் பெண்களின் பேத்திகள் இன்று நம் மாலைப் பள்ளியில் இருக்கிறார்கள். மாத்திரை அட்டையின் பெயரையும் நாளையும் படித்துச் சொல்ல அவர்களால் முடியும்.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு தேடிப் பார்க்க வேண்டிய நோய்களுள் வலிப்பும் ஒன்று. குழு வரும் நாளில் அத்தகைய பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளியில் வைத்திருங்கள். குறை கண்டால் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் அங்கே கிடைக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் நாட்பட்ட நரம்பியல் நோய்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தகுந்த அளவு குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்வி உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோர் உதவியும் கேட்டுப் பெறலாம். இதற்கு மருத்துவச் சான்றிதழும், தலைமையாசிரியர் வழியாக அனுப்பும் மனுவும் வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். மனு எழுதத் தெரியாதோர் நம் கழக அலுவலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையையும் பழைய மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் அழைத்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் வாருங்கள். கிழிந்த சீட்டாயினும் எறிந்துவிடாதீர்கள், எந்த மருந்து எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவே சான்று.